மனசு கல்லாகுதான்னு செக் பண்றது எப்படி

முதல்ல பைபிள எடுத்து அப்போஸ்தலர் 24 வாசிங்க. பேலிக்ஸ்னு ஒரு ரோம கவர்னர், இயேசுவப் பத்தி பிரசங்கம் பண்ண அப்போஸ்தலன் பவுல செசரியாங்கிற ஊர்ல காவல்ல வச்சிருந்தவன். பவுல் நீதி, இச்சையடக்கம், வரப்போற நியாயத்தீர்ப்புன்னு பேசப் பேச ஆளுக்கு பயம் வந்துடுச்சு, அது நல்ல பயம்தான், அங்கயே மனந்திரும்பியிருக்கலாம், ஆனா இப்ப போ நேரம் கிடைக்கும்போது கூப்பிடுறேன்னு அனுப்பிட்டான். அப்புறமும் அடிக்கடி கூப்பிட்டு பேசத்தான் செஞ்சான், வெளிய இருந்து பாத்தா பெரிய தேடல் உள்ளவன் மாதிரி இருக்கும், உள்ள லஞ்சம் கிடைக்குமான்னு கணக்கு! ரெண்டு வருஷம் இப்படியே ஓடி, கடைசில யூதர்கள திருப்திப்படுத்த பவுல காவல்லயே விட்டுட்டு போயிட்டான்.

இப்ப நம்ம விஷயம். பிரசங்கத்துல எந்த வரி சுருக்குன்னு குத்துச்சோ அத அன்னிக்கே எழுதி வைங்க, பக்கத்துல 'இத ஒத்துக்கிட்டா நான் எத இழக்கணும்'னு ஒரு கேள்வி. பணமா, வீட்ல கெத்தா, சபைல பேரா? "ஜெபம் பண்ணிட்டு சொல்றேன்"ங்கிறது பாதி நேரம் பேலிக்ஸ் சொன்ன அதே சாக்குதான் (கோவப்படாதீங்க). இது அவருக்கு கரெக்டா பொருந்தும்னு அடுத்தவர் முகம் ஞாபகம் வந்தா நீங்க தப்பிக்கப் பாக்குறீங்கன்னு அர்த்தம்.

தனியா பண்ணா நமக்கு நாமளே வக்கீல் ஆயிடுவோம். எபிரெயர் 3:13ல நாள்தோறும் ஒருத்தருக்கொருத்தர் புத்தி சொல்லச் சொல்றது அதுக்குத்தான், உங்கள புகழாத ஒருத்தர்கிட்ட அந்த பேப்பர காட்டுங்க, யாருக்காவது பணம் திருப்பித் தரணும்னா இந்த வாரமே ஜிபே பண்ணிட்டு அப்புறம் வந்து ஜெபம் பண்ணுங்க.