நெய்க்கரண்டி வருமுன்: யோகா முகாமுக்கு ஊர் வரும் வீகன்களுக்கு

யோகப் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர் பலர், ஆசிரமச் சாப்பாடு என்றாலே பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் சாப்பாடுதான் என்று நம்பி வருகிறார்கள். அங்கே கிடைப்பது சைவம். சைவத்தில் பால், தயிர், நெய் எல்லாம் உண்டு; யோக மரபில் அவற்றுக்குத் தனி மரியாதையே உண்டு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை, யோகிக்கு ஏற்ற உணவுகளில் பாலையும் நெய்யையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதனால் "யோகி பால் குடிக்கலாமா?" என்று சமையல்கட்டில் வாதத்துக்கு நிற்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். எது வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'வீகன்' என்ற சொல் ஆரோவில் பக்கமும் சென்னையின் சில கடைகளிலும் புரியும். மற்ற இடங்களில் "ஆமாங்க, இங்கே எல்லாமே சைவம்தான்" என்ற பதில் வரும். "பால் ஒத்துக்காது" என்றால் பாலை மட்டும் நிறுத்திவிட்டு, செரிமானத்துக்கு நல்லது என்று மோரை ஊற்றுவார்கள். "விரதம்" என்றால் இன்னும் மோசம், பாலும் பழமும் வந்து நிற்கும். "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் அஞ்சும் வேண்டாங்க, தேனும் வேண்டாம். எண்ணெயில தாளிச்சா போதும்" என்று சொல்லுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று மட்டும் கேட்கிற சமையற்காரருக்கு எதில் செய்வது என்ற குழப்பம் வரும்; எண்ணெய் என்று சொன்னதும் வேலை எளிதாகிவிடும். பதிவு செய்யும்போது ஒருமுறை, முதல் நாள் பரிமாறுபவரிடம் நேரில் ஒருமுறை சொல்லிவையுங்கள். பந்தியில் பருப்புக்குப் பின்னாலேயே நெய்க்கரண்டி வந்துவிடும். சோற்றின் மேல் கையை நீட்டித் தடுங்கள். விழுந்தபின் ஒதுக்கினால் உணவை வீணாக்கியதாகும், ஆசிரமங்களில் அதை விரும்பமாட்டார்கள்.

வெண்பொங்கலும் கேசரியும் நெய் என்று எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றுபவை வேறு. அவியலிலும் மோர்க்குழம்பிலும் தயிர். ரசத்துக்கு நெய்யில் தாளிப்பது பல வீடுகளில் வழக்கம். மோர்மிளகாய் தயிரில் ஊறிக் காய்ந்தது. ரவா இட்லி மாவில் பெரும்பாலும் தயிர் இருக்கும். பரோட்டா மாவில் சில கடைகளில் பாலோ முட்டையோ சேரும். கம்பங்கூழும் கேழ்வரகுக்கூழும் வீகன் போலத் தோன்றும், மோர் விட்டுக் கரைத்துத்தான் தருவார்கள். தண்ணீரில் கரைக்கச் சொல்லுங்கள். இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால், அடை, சுண்டல், பொரியல், பானகம் ஆகியவற்றில் பயம் குறைவு. தோசைக்கு மட்டும் "எண்ணெய் விட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்பி விடமுடியாதவர்கள் வரக்காப்பி கேட்கலாம், ஆனால் பல ஆசிரமங்களில் காப்பி, டீ இரண்டுமே கிடையாது. முதல் இரண்டு நாள் தலைவலி வந்தால் பயிற்சியைச் சந்தேகிக்க வேண்டாம், காப்பியைத் திடீரென்று விட்டதால் வருவது அது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காப்பியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

வேளைக்கணக்கும் முக்கியம். மதுரை அருகே உள்ள சிவானந்தா ஆசிரமம் போன்ற இடங்களில் நாளுக்கு இரண்டே சாப்பாடு, காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும். வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. மற்றவர்கள் தயிர்ச்சோற்றோடு முடிக்கும் இடத்தில் நீங்கள் கையைக் கழுவிவிட்டால் மதியம் 3 மணிக்கு வயிறு கேட்கும், அதையொட்டித்தான் ஆசன வகுப்பு இருக்கும். ஆகவே பருப்பையோ சுண்டலையோ இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். நிறையச் சாப்பிட்டபின் ஆசனத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நடுவில் தாங்காவிட்டால் ஒரு வாழைப்பழம், அதுவும் ஒரு மணி நேரம் முன்பே. இன்னொன்று: வெயிலில் வியர்த்துப்போகும் உப்பை மற்றவர்களுக்கு மோர் ஈடுசெய்துவிடுகிறது. மோர் குடிக்காதவர்கள் சித்திரை, வைகாசியில் உப்புப்போட்ட எலுமிச்சை நீரைக் கையோடு வைத்திருங்கள். மயக்கம் வருவதற்குப் பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லை, உப்பும் நீரும் குறைந்ததுதான் காரணம். வைட்டமின் பி12 மாத்திரை எடுப்பவர்கள் பயணத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.

உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் நிலக்கடலைத் தயிர் போட்டுக்கொள்ளலாம். ஒரு கப் வறுக்காத நிலக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் தோலை உரித்து, இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அடிபிடிக்கும் சரக்கு இது, சிறு தீயில் கைவிடாமல் கிளறிக் கொதிக்கவையுங்கள். விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவையுங்கள். 8 முதல் 10 மணி நேரத்தில் உறையும். சூடு அதிகமாக இருக்கும்போது காம்பைப் போட்டால் உறையாது. முதல் தடவை கடலை வாசம் தூக்கலாக இருக்கும், அதையே உறைமோராக வைத்துப் போடும் இரண்டாவது தயிர்தான் சோற்றுக்குச் சேரும்.

கடையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். பால் பொருளுக்கும் தேனுக்கும் அதே புள்ளிதான். வீகனுக்கு என்று 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி தனி முத்திரை இருக்கிறது, எல்லாப் பொட்டலத்திலும் அதைப் பார்க்க முடியாது. பின்பக்கம் பொருள்பட்டியலைப் படிப்பதே வழி. பையில் போட்டுக்கொள்ள, வெல்லத்தில் செய்த கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் நல்லவை.

இலங்கைக்கும் போகிறவர்கள் பாலை விட மாசிக்கருவாட்டைக் கவனியுங்கள்: சம்பலிலும் பருப்பிலும் அதை இடித்துப் போட்டிருக்கலாம். சைவ உணவகம் என்று போட்ட இடமே மேல்.

கோயில் பிரசாதம் தனிக்கதை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. வேண்டாம் என்று தட்டாமல் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.