ஏர் ரைஃபிளுக்கு உதிரி வாங்கப் போறீங்களா? முதல்ல அளவெடுங்க

என் ஏர் ரைஃபிளுக்கு நான் முதன்முதலாக வாங்கிய உதிரியே தப்பான உதிரி. பத்து மீட்டரில் குண்டு கீழே கீழே விழ ஆரம்பித்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நானாக முடிவு கட்டி, கோவையில் கணபதிப் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் போய் நின்றேன். பழைய ஸ்பிரிங்கை உருட்டிப் பார்த்த அண்ணன், "கால் நூல் தடிச்ச கம்பியில சுத்தித் தரட்டுங்களா தம்பி, நல்லா எகிறுமுங்க" என்றார். எகிறட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எகிறத்தான் செய்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் தோளில் இடி. பின்கட்டைத் திருகுகள் தானாகக் கழன்றன. ஐம்பது காசு அகலத்தில் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவின. இரண்டே வாரத்தில் பிஸ்டன் சீல் கிழிந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதலில் போயிருந்தது ஸ்பிரிங்கே இல்லை. குழல் வந்து மூடும் இடத்தில் இருக்கும் சின்ன வாசர்தான் தேய்ந்திருந்தது. டீக்காசுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கியவர்களும், கிளப்பில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர்களும் இப்படியே வரிசையாகப் போகலாம்.

தொடங்கும் முன் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை

இது ஏர் ரைஃபிளுக்கு மட்டுமான விளக்கம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மருந்து வெடித்துச் சுடும் துப்பாக்கி என்றால் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். லைசென்ஸ் இல்லாத யாரும் அதை ரிப்பேர் செய்யக் கூடாது. அப்புச்சி காலத்துத் தோட்டத்துத் துப்பாக்கியின் பாகத்தைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்விடாதீர்கள்.

சோளக்காட்டுக்கு வரும் மயிலை விரட்ட ஆகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆகாதுங்க. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது.

படி 1: உங்கள் துப்பாக்கி எந்த வகை?

குழலை மடித்தோ பக்கத்து நெம்புகோலை இழுத்தோ ஸ்பிரிங்கை அமுக்கிச் சுடுவது ஒரு வகை. சிலிண்டரில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு சுடுவது இன்னொரு வகை, அதை பி.சி.பி. என்பார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பத்து மீட்டர் போட்டியில் இப்போது எல்லோர் கையிலும் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். ஆரம்பப் பயிற்சிக்கும் வீட்டுக்கும் வாங்குவது பெரும்பாலும் ஸ்பிரிங் வகை. தேய்மானம் அதில்தான் அதிகம் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

படி 2: போனது எது என்று கண்டுபிடியுங்கள்

ஸ்பிரிங் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று நம்மூர்க்காரர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அடிபம்பு பார்த்திருப்பீர்கள். உள்ளே தோல் வாசர் போட்ட பிஸ்டன் ஏறி இறங்கும், வாசர் தேய்ந்தால் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் வராது. இங்கே தண்ணீருக்குப் பதில் காற்று, கைக்குப் பதில் ஸ்பிரிங். அவ்வளவுதான் வித்தியாசம். காற்று ஒழுகக்கூடிய இடங்கள் இரண்டு: பிஸ்டன் தலையில் உள்ள சீல், குழல் மூடும் இடத்தில் உள்ள வாசர்.

முதலில் குழல் வாசரைச் சோதியுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, குழலும் உடலும் சேரும் இடுக்கின் மேல் தளர்வாகப் போடுங்கள். பெல்லட் (ஏர் ரைஃபிளுக்கான சின்னக் குண்டு) போட்டு, பின்தடுப்பு உள்ள இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் அங்கே காற்று ஒழுகுகிறது. அசையாமல் கிடந்தால் வாசர் நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் பாருங்கள். பெல்லட் இல்லாமல் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எதிரே தடுக்க ஒன்றும் இல்லையென்றால் பிஸ்டன் போய் இரும்பில் மோதும், நல்ல சீலும் அதில் போய்விடும்.

குழல் வாசர் நன்றாக இருந்தும் வேகம் குறைந்தால் பிஸ்டன் சீல் அல்லது ஸ்பிரிங்தான். மடக்கும்போது கரகரவென்று உரசல் கேட்டாலோ, நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று இலகுவானாலோ ஸ்பிரிங் உடைந்திருக்கும். மடக்குவது வழக்கம்போல் கனமாக இருந்து, வேகம் மட்டும் இல்லையென்றால் சீல் மேல் சந்தேகப்படலாம்.

வேகத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. குரோனோகிராஃப் என்றொரு வேகமானி இருக்கிறது, கிளப்பில் கேட்டால் கொடுப்பார்கள். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் போனால் சுமார் 7.7 ஜூல். பத்து மீட்டர் பயிற்சிக்கு இதுவே தாராளம். துப்பாக்கி நன்றாக இருக்கும்போதே பத்துக் குண்டு சுட்டு, சராசரியைக் குறித்து வையுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது அந்த எண்தான் உங்களுக்குத் துணை. நான் அதைக் குறித்து வைக்கவில்லை, அதனால்தான் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன்.

குழல் வாயில் புகை, வழக்கத்தைவிடப் பெரிய சத்தம் என்றால் அது உதிரிப் பிரச்சினையே இல்லை. உள்ளே எண்ணெய் போயிருக்கிறது. காற்று சட்டென்று அமுங்கும்போது எழும் சூட்டில் டீசல் இன்ஜின் மாதிரி அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது. தையல் மெஷின் எண்ணெயைக் குழல் பக்கத் துளையில் விடுபவர்களுக்கு இது தவறாமல் நடக்கும்.

படி 3: பிரிப்பது யார்?

குழல் வாசரை நீங்களே மாற்றலாம். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் அப்படியல்ல. துப்பாக்கி மடக்காமல் சும்மா இருக்கும்போதுகூட உள்ளே ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். பின்மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு பின்னைத் தட்டினால் மூடி முகத்தை நோக்கிப் பாயும். ஸ்பிரிங் கம்ப்ரசர் என்ற சட்டத்தில் பூட்டித்தான் கழற்ற வேண்டும். சில பழைய மாடல்களில் டிரிகருக்குள் சின்ன எஃகுக் குண்டுகள் இருக்கும். கவனிக்காமல் கவிழ்த்தால் உருண்டு கட்டிலடிக்குப் போய்விடும். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பாருங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் போட்டோ எடுங்கள்.

படி 4: அளவெடுங்கள்

வெர்னியர் அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் பட்டறை வெர்னியர் தொங்குகிற ஊர் நம்முடையது, ஓசியில் வாங்கினாலும் சரி.

ஸ்பிரிங்குக்கு நான்கு எண்கள் வேண்டும்: கம்பியின் கனம், வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, அமுங்காத நிலையில் நீளம். பழைய ஸ்பிரிங் கொஞ்சம் குறுகித்தான் இருக்கும், எனவே நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். மற்ற மூன்றும் மாறாது. கண்ணாடிப் பலகை மேல் உருட்டியும் பாருங்கள். சீராக உருளாமல் தத்தித் தத்திப் போனால் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

ஓரிங் என்ற ரப்பர் வளையத்தின் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய ஓரிங்கை அளந்தால் தப்பான எண் வரும், ஏனென்றால் அது நசுங்கித் தட்டையாகியிருக்கும். அது உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். அங்குலக் கணக்கில் வரும் ஓரிங்குகள் 1.78, 2.62, 3.53 மி.மீ. கனத்தில் இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் 2, 2.5, 3 என்று வரும். 2.62-க்கும் 2.5-க்கும் கண்ணில் வித்தியாசம் தெரியாது. காற்றுக்குத் தெரியும்.

குழல் வாசருக்கு ஒரு எளிய சோதனை. புது வாசரை உட்கார வைத்து நகத்தால் தடவுங்கள். வாசர் முகம் இரும்பைவிட ஒரு துளி மேலே தட்டுப்பட வேண்டும். சமமாகவோ பள்ளமாகவோ இருந்தால், அடியில் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒன்றிரண்டு வைக்கலாம். ரொம்ப எழும்பி நின்றால் குழல் சரியாக மூடாது, வாசரும் சீக்கிரம் நைந்துவிடும்.

படி 5: தோலா, செயற்கையா?

முதலில் எது இருந்ததோ அதையே வாங்குங்கள். தோல் சீல் மிருதுவானது, பொறுமையானது, ஆனால் காயக்கூடாது. அதற்கு இரண்டொரு சொட்டு எண்ணெய் விட்டு, குழல் வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு ராத்திரி நிறுத்தி வைக்க வேண்டும். செயற்கை சீலுக்கு அந்த வேலை வேண்டியதில்லை, அதற்கு எண்ணெய் ஊற்றினால் புகைதான் மிச்சம். பழைய ஜெர்மன் துப்பாக்கி கைமாற்றில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1970-களில் வந்த சிலவற்றின் செயற்கை சீல், சுடாமல் பெட்டியில் கிடந்தாலே மெழுகு மாதிரி உதிர்ந்துபோகும். 'நல்லா வெச்சிருந்த துப்பாக்கிங்க' என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சீல் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

படி 6: எதை எங்கே வாங்குவது

பம்பும் மில் மெஷினும் செய்கிற ஊர் என்பதால் கோவையில் ஓரிங்குக்கும் தோல் வாசருக்கும் பஞ்சமில்லை. சீல் கடையில் அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். குழல் வாசர், சாதாரணத் திருகு, மடிப்பு அச்சுக்குப் போடும் மெல்லிய தகட்டு வாசர் மூன்றையும் வெளியில் வாங்கலாம். பிஸ்டன் சீலைக் கம்பெனியுடையதாகவே வாங்குவேன். அதன் உதட்டின் சாய்வை லேத்தில் கடைந்து கொண்டுவருவது எல்லோருக்கும் கைவராது. ஸ்பிரிங்கைப் பட்டறையில் சுற்ற வைத்தால், கம்பி கனத்தை ஒரு இழைகூட மாற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். தடித்த கம்பி சீலையும் கட்டையையும் தின்பதோடு நிற்காது, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினால் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். டிரிகர் பாகங்களை வெளியில் செய்யவே செய்யாதீர்கள். அதன் கொக்கி முனை சரியாகப் பிடிக்கவில்லையென்றால் துப்பாக்கி தானாகச் சுடும்.

பி.சி.பி. வைத்திருப்பவர்களுக்கு

இதில் ஸ்பிரிங் தொல்லை இல்லை, ஓரிங்தான் எல்லாம். ஆனால் உள்ளே 200 பார் அழுத்தம். மோட்டாருக்குப் போடும் மெத்து ஓரிங் அந்த அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்கிவிடும். பல இடங்களில் 90 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) கடினம் கேட்கும், கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். உயவுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் அந்த அழுத்தத்தில் பற்றக்கூடும். காற்றை முழுக்க வெளியேற்றாமல் எந்தத் திருகிலும் கை வைக்காதீர்கள்.

போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். அதிலிருந்து பத்து ஆண்டு என்பதே பெரும்பாலும் கம்பெனிகள் சொல்லும் ஆயுள். பழைய பி.சி.பி. வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். தேதி முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் ஆயுதப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கையிருப்பில் என்ன வைக்கலாம்

என் மகள் கிளப்புக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கிறது. குழல் வாசர் இரண்டு, அடியில் வைக்கக் காகித வட்டங்கள், பின்கட்டைத் திருகு ஒரு ஜோடி, குச்சி மாதிரி ஒரு பித்தளை ஊசி. வீட்டில் அலமாரியில் ஒரு பிஸ்டன் சீலும் ஒரு ஸ்பிரிங்கும். ரப்பர் சாமான்களை வெயில் படாத இடத்தில் ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன், கவரின் மேல் வாங்கிய மாதமும் அளவும் எழுதியிருக்கும்.

அந்தத் தடித்த ஸ்பிரிங்கையும் தூக்கிப் போடவில்லை. காட்டில் கேட் தானாகச் சாத்திக்கொள்ள மாட்டியிருக்கிறேன், நன்றாக எகிறுகிறது.