பால் சேர்க்காத ஃப்ரூட் சாலட் ஏன் நீர்த்துப்போகிறது?

அக்கா மகளுக்குப் பால் அலர்ஜி. மற்ற பிள்ளைகள் கஸ்டர்ட் போட்ட ஃப்ரூட் சாலட் சாப்பிடும்போது அவள் மட்டும் வெறும் பழத்துண்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான் தேங்காய்ப்பாலும் முந்திரியும் வைத்துச் செய்யப் பழகினேன். நான் செய்த தவறுகளில் பாதிக்குமேல் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

முதல் தவறு தேங்காய்ப்பாலிலேயே தொடங்குகிறது. மிக்ஸி சுற்றவில்லையே என்று டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். இதற்கு முதல் பால் மட்டும் போதும். நன்றாக முற்றிய தேங்காய் ஒன்றை அடிப்பழுப்பு வராமல் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, துணியில் முறுக்கிப் பிழியுங்கள். அதை ஃப்ரிட்ஜில் நாலைந்து மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மேலே கெட்டியாக ஒரு ஏடு படியும், அடியில் நீர் நிற்கும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும், அதனால்தான் இப்படி. இதைக் குலுக்கிக் கலந்துவிடாதீர்கள்! ஏட்டை மட்டும் ஸ்பூனால் வழித்தெடுங்கள். நமக்கு வேண்டிய கிரீம் அதுதான்.

கூடவே பதினைந்து முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். சரியாக ஊறாவிட்டால் நாக்கில் ரவை போல நெருடும். விழுதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், வழுவழுப்பாக இருந்தால் சரி.

கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவுதான், அதனால் போடலாம். ஆனால் கொதிக்கிற தேங்காய்ப்பாலில் நேராகக் கொட்டினால் மாவு கட்டி தட்டும், பாலும் திரிந்துபோகும். அடியில் நின்ற அந்த நீரிலேயே, ஆறின நிலையில், ஒரு ஸ்பூன் பவுடரைக் கரைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். முழுக்க ஆறிய பிறகே ஏட்டைச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் ஏடு உருகி எண்ணெயாக மிதக்கும்.

சர்க்கரையை நறுக்கிய பழத்தின் மேல் தூவுவதும் பலரும் செய்வது. பத்தே நிமிடத்தில் பழம் சாறு விட்டுவிடும். இனிப்பைக் கிரீமில் கலந்துகொள்ளுங்கள். திராட்சையைக் கழுவியதும் துணியில் ஒற்றி எடுங்கள். தர்ப்பூசணி வேண்டவே வேண்டாம்.

வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை உடைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. முந்திரியிலும் புரதம் உண்டு என்பதால், நேரமானால் கசப்பு தட்டலாம். சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போட்டால் அந்தப் பயம் இல்லை.

அப்புறம், கடையில் வாங்கும் விப்பிங் கிரீம். 'நான்-டெய்ரி', அதாவது பால் சேராதது, என்று பெரிதாக அச்சிட்ட ஒரு பாக்கெட்டை நம்பி வாங்கி வந்து, பிரிப்பதற்கு முன் பின்பக்கம் படித்தபோது 'சோடியம் கேசினேட்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும் செரிக்காதவர்களுக்கு அது பெரும்பாலும் தொந்தரவு தராது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கோ ஆபத்து. ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள். விருந்தாளிகள் வந்தால், முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் கடைசியில் நறுக்கி, சில துளி எலுமிச்சைச் சாறு பிசிறினால் கறுக்காது. பழத்தையும் கிரீமையும் தனித்தனியே குளிரவைத்து, பரிமாறும்போது கலந்தால் போதும்.