ஃபோன்ல படிக்கப் போற புத்தகத்துக்கு ஏ4 பிடிஎஃப் எதுக்கு?

மின்னூல் போடுறேன்னு நெறைய பேர் வேர்ட்ல டைப் பண்ணி அப்படியே ஏ4 பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடறாங்க. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், ஃபோன் ஸ்க்ரீன் சுமாரா 7 செ.மீ., அப்போ 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட்டா சுருங்கிடும், ணகரமா னகரமான்னே தெரியாது, பெருசு பண்ணா ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிட்டே கெடக்கணும். பிடிஎஃப் மேல குத்தம் இல்லைங்க. 1993ல அடோபி அத விட்டதே எந்த மெஷின்ல தொறந்தாலும் பக்கம் இம்மியும் நகரக் கூடாதுன்னுதான். இபப் (EPUB)னு மின்னூலுக்குன்னே இருக்கற ஃபைல் வகை அப்படி இல்ல, உள்ள இருக்கறது வெப் பேஜ் மாதிரி ஹெச்டிஎம்எல், ஸ்க்ரீன் அகலத்துக்கு ஏத்தாப்ல வரி மடங்கிக்கும்.

சரி, இருக்கற பிடிஎஃப்ப கன்வர்ட்டர்ல போட்டு இபப் ஆக்கிடலாம்னு கெளம்பாதீங்க. நான் கெளம்பி ஒரு ஞாயித்துக்கெழம பூரா போச்சு. பிடிஎஃப்ல பெரும்பாலும் எந்த எழுத்து எந்த எடத்துலன்னு மட்டும்தான் இருக்கும், பத்தி எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது, அதனால வாக்கியத்துக்கு நடுவுல பக்க எண் வந்து உக்காந்துக்கும். பாமினில, அதாவது ஆங்கில எழுத்து மேலயே தமிழ் உருவத்த ஒட்டி வச்ச பழைய ஃபான்ட்ல, அடிச்ச ஃபைல்னா கேக்கவே வேணாம், அதுல மெய்யெழுத்தோட புள்ளியே அரைப்புள்ளி கீதான், இப்போ எல்லா ஃபோனும் படிக்கற யூனிகோடு எழுத்து முறைக்கு வர்றப்போ வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டும். டைப் பண்ண மூல ஃபைல தேடிப் பிடிச்சு யூனிகோடுக்கு மாத்திட்டு அங்கேந்து ஆரம்பிங்க.

ஸ்பேஸ் தட்டி தலைப்ப நடுவுல கொண்டு வர்றது, ரெண்டு ஓரமும் சமமா இழுத்து விடறது, ரெண்டும் வேணாம். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு'ன்னு ஒரு வார்த்தை வந்தா போதும், முந்தின வரி பூரா ஓட்டை ஓட்டையா நிக்கும்.

செய்யுள்தான் பெரிய தலைவலி. நாலடி வெண்பால மொத மூணு அடிக்கும் நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூணு. எங்க பெரியப்பா கண் ஆபரேஷனுக்கு அப்பறம் ஒரு வரிக்கு மூணு வார்த்தை வர்ற அளவுக்கு எழுத்த பெருசாக்கித்தான் படிக்கறார், அவருக்கு நாலாவது சீர் கீழ விழுந்து தனி அடி மாதிரி தெரிஞ்சு, இது என்னடா வெண்பான்னு என்னைய திட்டினார். மடங்கி விழற துண்டு மட்டும் கொஞ்சம் உள்தள்ளி வர்றாப்ல ஸ்டைல் வச்சேன், சரியாயிடுச்சு.

அதுக்காக எல்லாத்தையும் இபப் ஆக்கணும்னு இல்ல. படமும் எழுத்தும் ஒட்டிக்கிட்டு வர்ற கொழந்தைங்க புத்தகத்துக்கு நகராத பக்கம்தான் சரி, அப்போ பிடிஎஃப்பே போடுங்க, ஆனா பக்க சைஸ 9க்கு 16 செ.மீ.னு வச்சுட்டு அப்பறம் போடுங்க.