எடை ஏறும் வழிகள்: பலரும் கவனிக்கத் தவறுபவை

எடை கூடிவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் குறை சொல்வது பரம்பரையை, அடுத்து வயதை. இரண்டுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. இரண்டையும் மாற்ற முடியாது என்பதால் அவற்றின் மீது பழியைப் போடுவது வசதியாகவும் இருக்கிறது. அதற்குள் நம் கையில் இருக்கும் காரணங்கள் கண்ணில் படாமலே நழுவிவிடுகின்றன.

"குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது" என்று சொன்ன சிலரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1992-இல் வெளியானது. அவர்கள் உடல் ஆற்றலைச் செலவிடும் விதத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன கணக்கில், உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி விடுபட்டிருந்தது. உடலுழைப்போ ஒன்றரை மடங்காகப் பெருகியிருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்ததும், பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டதும் யாருடைய நினைவிலும் சாப்பாடாகப் பதிவதில்லை.

எண்ணெயும் அப்படித்தான். பாட்டிலைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றும்போது ஒரு மேசைக்கரண்டி விழுந்ததா, மூன்று விழுந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி. இதயத்துக்கு நல்லது என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் எந்த எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் பரவலான தவறு. 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; ஒரே கேனில் அது தாண்டிவிடுகிறது. பழச்சாறுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும் அதே கணக்கில்தான் அந்த நிறுவனம் வைக்கிறது. மூன்று ஆரஞ்சுகளை உரித்துத் தின்றால் நேரமும் பிடிக்கும், வயிறும் நிறையும். அதையே பிழிந்தால் நான்கு மடக்கில் தீர்ந்துபோகும், பசி அப்படியே இருக்கும்.

தூக்கத்தை எடையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. என் பார்வையில் இதுதான் அதிகம் புறக்கணிக்கப்படும் காரணம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் கூடுவதையும், போதும் என்று உணர்த்தும் ஹார்மோனான லெப்டின் குறைவதையும் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, எடை கூடியவர்களைக் கூடுதல் நேரம் தூங்க வைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூக்கம் கூடியதும் உட்கொள்ளும் கலோரி நாளுக்குச் சராசரியாக 270 குறைந்தது. முடிவு வெளியான ஆண்டு 2022. அரை மணி நேர வேக நடையில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் செலவிடுவது 150 கலோரி அளவில்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடியற்காலை நடைக்காகத் தூக்கத்தை வெட்டுவது பல நேரம் நஷ்டக் கணக்கு.

நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்துவிட்டோம் என்ற தெம்பில் மிச்ச நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதுதான் பிரச்சினை. 1999-இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரை கிலோகூடக் கொழுப்பு சேரவில்லை; இன்னொருவருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. உடற்பயிற்சி எல்லோருக்கும் ஒரே அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எழுவது, நிற்பது, அங்குமிங்கும் நடமாடுவது போன்ற சில்லறை அசைவுகளே இந்த வித்தியாசத்தைப் பெருமளவு விளக்கின. தொலைபேசியை நின்றபடி பேசுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை எட்டாத தூரத்தில் வையுங்கள், தாகம் எடுத்தால் எழுந்துதான் ஆக வேண்டும்.

காலை உணவைத் தவிர்த்தால் எடை ஏறும் என்பதை நான் இங்கே சேர்க்கவில்லை. பசியில்லாமல் கட்டாயத்துக்குச் சாப்பிடுவதால் எடை குறைவதாகப் பரிசோதனைகள் காட்டவில்லை.

எடை இயந்திரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்கி மனம் நோவதும் வேண்டாத வேலை. உப்பும் மாவுச்சத்தும் சற்றுக் கூடினாலே உடலில் நீர் தங்கி, மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும். வாரச் சராசரியைப் பாருங்கள்.

பழக்கம் எதுவும் மாறாமல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறினால் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றுக்கு எடையை ஏற்றும் தன்மை உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை கூடலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து உண்டா, அளவைக் குறைக்க முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.