முதலில் அந்த ஸ்விட்சைப் போடாதீர்கள்: பழைய மினி கம்ப்யூட்டரை ஓடவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வருபவர்கள், சொல்லிவைத்தாற்போல, எங்கள் காலத்துக் கூத்துகளையே திரும்பச் செய்கிறார்கள். எர்த் கொடுக்காமல் விடுவது, கரன்ட் இருக்கும்போதே கார்டைப் பிடுங்குவது இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உதாரணத்துக்கு டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் 1970களின் மினி கம்ப்யூட்டரான பிடிபி-11/40ஐ எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது வேறு மாடலானாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

எல்லாக் கார்டுகளும் உள்ளே இருக்க, பவர் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நண்பர் ஒருவருக்கு முழுசாக ஒரு 11/40 கிடைத்தது. தூசி தட்டி, பேனலைத் துடைத்து, ஒரு கார்டைக்கூடக் கழற்றாமல் சாவியைத் திருப்பிவிட்டார். விளக்குகள் பளிச்சென்று எரிந்து அணைந்தன, அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது இது. எச்744 என்ற ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 வோல்ட் டிசியை 5 வோல்ட்டாக இறக்கி, 25 ஆம்பியர் வரை கொடுக்கும். அதில் கரன்டைக் கட்டுப்படுத்தி விடும் பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 30 வோல்ட் நேராகக் கார்டுகளுக்குப் போகும். இதைத் தடுக்கத்தான் கிரோபார் என்ற காவல் சர்க்யூட். வோல்டேஜ் எகிறினால் அது அவுட்புட்டை ஷார்ட் செய்து ஃபியூஸைப் போக்கிவிடும். ஆனால் அதற்கும் ஐம்பது வயது! கார்டுகளில் இருக்கும் 7400 வரிசை டிடிஎல் லாஜிக் சிப்புகளின் உச்ச வரம்பு 7 வோல்ட். அதைத் தாண்டினால் நூற்றுக்கணக்கான ஐசிகளில் எது போனது என்று உட்கார்ந்து தேடவேண்டும். முழுதாகப் போனதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், அரைகுறையாக அடிபட்டு, சூடானால் மட்டும் தப்பான விடை தரும் சிப் இருக்கிறதே, அதுதான் தலைவலி.

'வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெதுவாகத்தானே ஏற்றினேன்' என்பார்கள். வேரியாக் வோல்டேஜைத்தான் கட்டுப்படுத்தும், கரன்டை அல்ல. மெயின்ஸை நேரடியாக எடுக்கும் ஸ்விட்சிங் சப்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இன்புட் குறையக் குறைய அது அதிகக் கரன்டை இழுக்கும்.

சரி, என்ன செய்வது? எல்லாக் கார்டுகளையும் வெளியே எடுங்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத் தனியே பிரித்து, கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் சில மில்லியாம்பியரே போகும்படி வைத்துப் படிப்படியாக வோல்டேஜை ஏற்றுங்கள். சும்மா கிடந்த காலத்தில் மெலிந்துபோன ஆக்சைடு படலம் திரும்ப வளரும். கசிவு குறையவே இல்லையென்றால் அந்தக் கெப்பாசிட்டரைத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரெகுலேட்டராக, கார்டுகளுக்குப் பதிலாக ரெசிஸ்டரை டம்மி லோடாகப் போட்டுச் சோதியுங்கள். 5 வோல்ட்டுக்கு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 5 ஆம்பியர், அதாவது 25 வாட் வெப்பம். எனவே 50 வாட் ரெசிஸ்டராகப் பாருங்கள். லோடே இல்லாமல் மீட்டரில் 5 வோல்ட் காட்டுவதை நம்பவேண்டாம். கிரோபார் சரியான வோல்டேஜில் வெட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பலரும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான்.

ஐசிகளை மொத்தமாக மாற்றுவது

வேண்டாம். உங்கள் சால்டரிங் கைவண்ணம்தான் அடுத்த பழுது.

சிபியு செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது

முதலில் ஏசி லோ, டிசி லோ என்ற இரண்டு சிக்னல்களைப் பாருங்கள். பவர் சரியில்லை என்று சப்ளை சொல்லிக்கொண்டே இருந்தால், நல்ல சிபியுவும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, கார்டுகளை இணைக்கும் பொதுப் பாதையான யூனிபஸ்ஸில் காலி ஸ்லாட்டைச் சும்மா விடக்கூடாது, பஸ்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் பஸ் கிராண்ட் சிக்னல் ஸ்லாட் ஸ்லாட்டாகக் கடந்து போவதால், அதை அடுத்த ஸ்லாட்டுக்குக் கடத்திவிடும் ஜி727 கார்டைச் சொருகவேண்டும். டிஎம்ஏவுக்கு (சிபியு தலையிடாமல் கார்டு நேராக மெமரியோடு பேசுவது) அனுமதி தரும் என்பிஜி கிராண்ட் வேறு. அதற்குப் பின்பக்கம் சிஏ1, சிபி1 பின்களுக்கு இடையே வயர்-ராப் (பின்னில் சுற்றிய கம்பி) இணைப்பு இருக்கவேண்டும். டிஎம்ஏ கார்டு போட யாரோ அதை வெட்டியிருப்பார்கள், பின்னால் கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

போட்டோ எடுக்காமல் கேபிளைக் கழற்றுவது

எடுங்கள். எல்லாக் கோணத்திலும்.

கிடைத்த டிஸ்க் பேக்கை உடனே மாட்டுவது

ஆர்கே05 டிஸ்க் 2.5 மெகாபைட்தான், ஆனால் அதில் இருப்பது உலகில் வேறெங்கும் இல்லாத பிரதியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஃபோம் மட்கி, காற்று வரும் வழியில் துகளாகப் பறக்கும். ஹெட் மேற்பரப்பைத் தொட்டால் இரண்டும் காலி. மின்சாரம் நின்றால் ஹெட்டைப் பின்னுக்கு இழுக்க அதில் நிக்கல்-காட்மியம் பேட்டரி உண்டு, அது எப்போதோ செத்திருக்கும், மாற்றுங்கள். ஃபோமைச் சுரண்டி எடுத்து, ஹெட்டைச் சுத்தம் செய்து, போனாலும் பரவாயில்லை என்கிற பேக்கை மட்டும் முதலில் மாட்டுங்கள்.

சின்னச் சின்னக் காந்த வளையங்களில் தகவலை வைத்திருக்கும் கோர் மெமரி இருந்தால் இதே கதைதான். பவர் இல்லாமலே அது பழைய புரோகிராமை வைத்திருக்கும், மெமரி டெஸ்ட் ஓட்டினால் அது போச்சு.

நேராக ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போவது

முதலில் ஆக்டல் (எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறை) 1000 முகவரியில் 000777ஐப் பேனல் ஸ்விட்சுகளால் ஏற்றி ஸ்டார்ட் கொடுங்கள். தன்னிடமே தாவும் ஒற்றைக் கட்டளை அது, ரன் விளக்கு அணையாமல் எரியவேண்டும். அணைந்தால் மறுபடி மீட்டரை எடுங்கள். எரிந்தால் நாலைந்து கட்டளைகளில் சின்ன புரோகிராம், அதற்கப்புறம் டெக்கின் சோதனை புரோகிராம் தொகுப்பான எக்ஸ்எக்ஸ்டிபி டயக்னாஸ்டிக்ஸ். பழைய இயந்திரத்தை இன்றைய கம்ப்யூட்டரில் போலச் செய்யும் சிம்எச் எமுலேட்டரில் இதே வரிசையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருந்தால், கோளாறு உங்கள் விரலிலா இயந்திரத்திலா என்ற குழப்பமாவது இருக்காது.