லாக் வரிக்கு எந்த நிலை கொடுப்பது?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டு எண்ணெய் மில்களுக்குச் செல்லும் கொப்பரை லாரிகளுக்கு எடைச்சீட்டும், சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணு ஆவணமான இ-வே பில்லும் போட்டுத் தரும் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். எல்லைப் பகுதியில் இணைய இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறை அறுபடும்போதும், அடுத்த முயற்சியிலேயே பில் எண் கிடைத்துவிட்டாலும்கூட, லாக்கில் (நிரல் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேட்டில்) எர்ரர் என்ற தீவிர நிலையிலேயே பதிந்திருந்தேன். ஒருநாள் இரவில் தரவுத்தளம் நின்று, எடைச்சீட்டுகள் சேமிக்கப்படாமல் போனபோது, அந்த உண்மையான எர்ரர் நூற்றுக்கணக்கான பொய் எர்ரர்களுக்கு நடுவே புதைந்து கிடந்தது; விடியும்வரை லாரிகள் வரிசையில் நின்றன.

ஆகவே, நிலையைத் தேர்ந்தெடுக்கும் முன், இந்த வரியைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த வேலை முடியாமல் போய், ஒருவர் வந்து சரிசெய்தாக வேண்டுமென்றால் அது எர்ரர். வேலை முடிந்துவிட்டது, ஆனால் இப்படியே போனால் சிக்கல் வரும் என்றால் வார்னிங். முதல் முயற்சி தவறி இரண்டாவதில் பில் கிடைத்தால் வார்னிங் போதும். எல்லா முயற்சிகளும் தவறிக் கைவிடும் இடத்தில் மட்டும், சீட்டு எண்ணையும் முயற்சிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, ஒரே ஒரு எர்ரர் எழுதுங்கள். அதே பிழையை அதைப் பிடிக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் மறுபடி எழுதினால் ஒரு கோளாறு நான்காகத் தெரியும்.

பயனரின் தவறு மென்பொருளின் எர்ரர் ஆகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேரள வியாபாரியின் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கும்; நம் ஊர் எழுத்தர் பழக்கத்தில் தமிழ்நாட்டின் 33-ஐத் தட்டிவிடுவார். சரிபார்ப்பு அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினால், நிரல் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதற்கு இன்ஃபோ போதும். சீட்டு உருவானது, பில் கிடைத்தது போன்ற வழக்கமான நிகழ்வுகளும் இன்ஃபோதான். மாறிகளின் மதிப்புகள் போன்ற, கோளாறைத் தேடும்போது மட்டும் தேவைப்படும் நுணுக்கங்கள் டீபக்கில் இருக்கட்டும். கடவுச்சொல்லையும் ஓட்டுநரின் கைபேசி எண்ணையும் டீபக்கிலும் எழுதாதீர்கள்.

பைதான் நிரல்மொழியின் லாகிங் தொகுதியில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எர்ரர் 40, கிரிட்டிக்கல் 50. எண் கூடக் கூடத் தீவிரம் கூடும். லாக் செய்திகளை அனுப்புவதற்கான பொது முறையான சிஸ்லாக்கில் இது தலைகீழ்: 0 மிகக் கடுமையானது, 7 டீபக். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது எண்களை அப்படியே ஒப்பிட்டால் வடிகட்டி முக்கியமானதைத் தள்ளிவிட்டுச் சில்லறையை வைத்துக்கொள்ளும். பைதானில் வேறு எதுவும் அமைக்காவிட்டால் வார்னிங்குக்குக் கீழ் உள்ளவை வெளியே வராது என்பதால், உங்கள் இன்ஃபோ வரிகள் காணாமல் போனதாகத் தோன்றினால் முதலில் இந்த வரம்பைப் பாருங்கள்.

நடைமுறைப் பயன்பாட்டை இன்ஃபோவில் ஓடவிட்டு, சந்தேகம் உள்ள ஒரு தொகுதிக்கு மட்டும், சேவையை நிறுத்தாமலே டீபக்கை இயக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை எர்ரர் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் படியுங்கள். பார்த்தும் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத வரி எதுவோ, அதன் நிலையை அன்றே இறக்கிவிடுங்கள்.